பஞ்சு ஒட்டிய அறை

மார்ச் 3, செவ்வாய்

காலையில் படியிறங்கும்போது கீழ்வீட்டுத் தையல்காரம்மா வழிமறித்தாள். வாயில் இடுக்கியிருந்த ஊசியை எடுத்துக் கையிலிருந்த சட்டையின் காலரில் குத்திக்கொண்டாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டு ஓனர்கிட்ட நான் ஒண்ணும் போய்ச் சொல்லல. அவராத்தான் கேட்டாரு, மேல என்ன எப்பப் பாத்தாலும் சத்தமா இருக்குன்னு."

வழக்கமான பதிலைச் சொன்னேன். "அப்பாவுக்குக் காது சுத்தமா கேக்காதும்மா. கத்திச் சொன்னாத்தான் ஆகும்."

"அது தெரியும்க்கா. அதுக்குச் சொல்லல…" என்று இழுத்தாள். அப்புறம், "பெரியவரு பாவம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பெரியவர் பாவம். அப்படியானால் நான் யார்?

பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு போனேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அப்பா பாதி ஆயுளை மாவு மில்லில் கழித்தவர். அந்த இரைச்சல் அவர் காதைத் தின்றுவிட்டது. காதுக்கு மிஷின் வைத்தும் பார்த்தாயிற்று. நரம்பே போய்விட்டது, வைத்தாலும் இரைச்சல்தான் ஏறும் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அதனால் கத்துகிறேன். இதில் என்ன தப்பு?

ஆனால் நேற்று நான் கத்தியது "மாத்திரை போடுங்கப்பா" என்று மட்டும்தானா?

மார்ச் 4

எழுதிவிடுகிறேன். இதை யார் படிக்கப் போகிறார்கள்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தால் மாடித் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. குளியலறைக் குழாய் திறந்தபடி கிடந்தது. அப்பா கட்டிலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். "குழாய மூடலையா?" என்றேன். "ஆமா, சாப்ட்டேன்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்தது எதுவும் காது கேட்காதவருக்குச் சொல்ல வேண்டியது இல்லை.

"எனக்குன்னு வந்து வாய்ச்சீங்களே!" என்றேன். "நான் என்ன கல்லா? மனுஷிதான?" என்றேன். இன்னும் ஒன்று சொன்னேன். அதை இங்கேகூட எழுத முடியவில்லை.

அவர் "சரிம்மா, சரிம்மா" என்றார். காதில் விழாதபோது அவர் எப்போதும் சொல்வது அது.

அவருக்கு விழவில்லை. கீழ்வீட்டுக்கு விழுந்திருக்கிறது.

மார்ச் 7, சனி

வீட்டுக்காரர் போன். மரியாதையான மனுஷர், அதுதான் இன்னும் கஷ்டம்.

"வயசானவரக் கூட வெச்சுப் பாத்துக்கறதே பெரிய விஷயம்மா. நான் இல்லேங்கல. ஆனா நாலு குடும்பம் இருக்கற எடம் பாருங்க. ஒப்பந்தம் புதுப்பிக்கறப்போ நானும் யோசிக்கணும்ல?"

கணவரைப் பிரிந்த பிறகு தனியாக ஒரு பெண்ணுக்கு வீடு கிடைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதிலும் காது கேட்காத அப்பாவோடு என்றால் தரகரே போனை எடுக்க மாட்டார். அவசரமாக, "அப்பா ரூம்ல சத்தம் வெளிய போகாதபடி ஏதாவது செஞ்சுடறேன் சார்" என்றேன்.

கடைசியாக, "சுவத்துல ஆணி அடிக்காம பாத்துக்குங்க" என்றார்.

மார்ச் 9

நான் ரத்தம் எடுக்கிற லேபில் இன்று கூட்டம். வெறும் வயிற்றோடு வந்தவர்கள் எல்லாம் எரிச்சலில் இருந்தார்கள். ஒரு சின்னக் குழந்தை வீறிட்டது. வழக்கம்போல என்னைத்தான் கூப்பிட்டார்கள். "குட்டிம்மா, இது எறும்பு. கடிச்சிட்டு அது பாட்டுக்கு ஓடிடும்" என்று காதோரம் சொல்லிக்கொண்டே ஊசியைப் போட்டு எடுத்துவிட்டேன். குழந்தை அழுகையை நிறுத்தி எறும்பைத் தேடியது. அம்மாக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நிமிர்ந்து பார்த்தால் அடுத்த நாற்காலியில் தையல்காரம்மா. சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க வந்திருக்கிறாள்.

எத்தனையோ பேருக்கு நரம்பு பார்த்த கை. இன்று அவள் கையில் நரம்பு கிடைக்கவில்லை. பட்டையை இறுக்கினேன், தளர்த்தினேன், மறுபடி இறுக்கினேன். "கொஞ்சம் வலிக்கும், கண்ண மூடிக்கம்மா" என்றேன்.

அவள் கண்ணை மூடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்க எவ்ளோ மெதுவா பேசறீங்கக்கா" என்றாள்.

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் சொன்னாள். அதனால்தான் இப்போதுவரை என் முகம் எரிகிறது.

மார்ச் 14, சனி

பஞ்சுக்கடை. மெத்தைக்கு ஃபோம் விற்கிற கடைதான். மேடும் பள்ளமுமாக வெட்டிய கறுப்புப் பஞ்சு அட்டைகளை உள்ளேயிருந்து எடுத்துப் போட்டார் கடைக்காரர்.

"எதுக்கு மேடம்? ரெக்கார்டிங்கா?"

"ஆமா" என்றேன். வேறென்ன சொல்ல.

"பாட்டா?"

"பாட்டு."

"யாரு பாடறது?"

"நான்தான்."

"அதானே பாத்தேன். பேச்சே சங்கீதம் மாதிரி இருக்கு. மெல்லிசான குரல் மேடம் உங்களுக்கு."

அட்டைகளைக் கட்டிக் கொடுக்கும்போது, கச்சேரி இருந்தால் கடைக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பச் சொன்னார். சொல்லி அனுப்புகிறேன் என்றேன். ஆட்டோவில் அந்த மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் வேறு மாதிரி ஆகிவிட்டது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

மார்ச் 15, ஞாயிறு

அப்பாவின் அறைக்குப் பஞ்சு ஒட்டினோம். ஆமாம், ஒட்டினோம். அவரும் சேர்ந்துதான்.

நான் இருபக்க டேப்பைக் கிழித்து ஒட்டியதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். ஈரத் துணியால் சுவரைத் துடைத்து, காயவிட்டு, நூல் பிடித்துக் கோடு போட்டார். "கோணலா ஒட்டினா பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க" என்றார். அந்த அறைக்கு யார் வரப்போகிறார்கள்? ஆனால் அவர் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு சுறுசுறுப்பு. மில்லில் பெல்ட் மாட்டுகிறபோது இப்படித்தான் உதட்டைக் கடித்துக்கொள்வார்.

பாதி சுவர் முடிந்ததும் கேட்டார்: "ஆமா, எதுக்கும்மா இது?"

"வெயிலுக்குப்பா" என்றேன்.

"என்னது?"

"வெயிலுக்கு!"

"மயிலுக்கா?"

"வெயிலுக்குப்பா! வெயில்! சூடு உள்ள வராம இருக்க!"

பொய்யைக்கூட ஊர் கேட்கக் கத்திச் சொல்ல வேண்டிய பிறவி. ஜன்னல் வேறு திறந்திருந்தது.

"ஓ" என்றார் அப்பா. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அடுத்த அட்டையை எடுத்தார்.

சாயங்காலம் தம்பி போன். "நீ இருக்கறதாலதான்க்கா நான் இங்க நிம்மதியா வேலை பாக்கறேன். உன்ன மாதிரி யாரு பாத்துப்பா?" எப்போதும் சொல்வதுதான். இன்று காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 16

கீழே தையல்காரம்மா யாரிடமோ "மயிலுக்கா!" என்று சொல்லிச் சிரிப்பது கேட்டது. ஆக, எல்லாமே கேட்கிறது.

மார்ச் 18

இன்று சோதித்துப் பார்த்தேன். அப்பா மொட்டைமாடியில் துணி எடுக்கப் போயிருந்த நேரம். போனில் ரெக்கார்டரை ஓடவிட்டுப் படிக்கட்டுத் திருப்பத்தில் வைத்துவிட்டு, அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு கத்தினேன். திட்டவில்லை. "மாத்திரை! பாத்திரம்! குழாய்! கதவு!" என்று வாய்க்கு வந்த வார்த்தைகளை எல்லாம் கத்தினேன். கத்தும்போதே ஏனோ கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. அவர் இல்லாத கட்டிலைப் பார்த்துக்கொண்டு "எத்தன தடவ சொல்றது!" என்று முடித்தேன்.

பிறகு போனை எடுத்துக் கேட்டேன்.

ஒரு வார்த்தையும் புரியவில்லை. மாத்திரை இல்லை, பாத்திரம் இல்லை. பஞ்சு வார்த்தைகளை எல்லாம் உறிஞ்சிவிட்டது. ஆனால் கோபம் மட்டும் அப்படியே வந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ யாரையோ அடிக்கிற மாதிரி ஒரு குரல்.

முன்பாவது "மாத்திரை" என்பது காதில் விழுந்திருக்கும். ஏதோ நல்லதுக்குத்தான் கத்துகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

அந்தக் குரலை நான் இதுவரை கேட்டதே இல்லை. அதை அழித்துவிட்டேன். அழித்த பிறகும் கேட்கிறது.

மார்ச் 22, ஞாயிறு

கதவிடுக்கில் ரப்பர் பட்டை. ஜன்னலை மூடி அதன்மேல் பழைய மெத்தை. கதவுக்குப் பின்னால் கனமான போர்வை இரண்டாக மடித்துத் தொங்கவிட்டாயிற்று. மறுபடி சோதித்தேன். கீழ்வீட்டுத் தையல் மிஷின் ஓடுகிற சத்தம்தான் பதிவாகியிருந்தது. நான் இல்லை.

ஜெயித்துவிட்டேன். ஏன் சந்தோஷமாக இல்லை?

மார்ச் 28

"மந்திரம் போட்ட மாதிரி இருக்குக்கா" என்றாள் தையல்காரம்மா. வீட்டுக்காரரும் நன்றி என்று செய்தி அனுப்பியிருக்கிறார். கைகூப்பிய படத்தோடு.

எல்லோரும் என்னை நல்லவள் என்று நினைக்கிறார்கள். ஒரு மூட்டைப் பஞ்சில் வந்த நல்ல பெயர்.

ஏப்ரல் 2

ஒன்று கவனித்தேன். எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

முன்பெல்லாம் கோபம் வந்தால் தொண்டைவரை வந்து கொஞ்சம் நிற்கும். கீழே கேட்கும் என்ற பயம் பிடித்து நிறுத்தும். பாதியை விழுங்கிவிடுவேன். இப்போது அந்தப் பயம் இல்லை. சமையலறையில் ஏதாவது நடந்தால் அங்கேயே சொல்வதில்லை. கையைக் காட்டி, "வாங்கப்பா உள்ள" என்று அவரை அறைக்குக் கூட்டிப் போகிறேன். கதவைச் சாத்துகிறேன். பிறகு ஆரம்பிக்கிறேன்.

சாத்திய கதவுக்குள்ளே நான் எவ்வளவு நேரம் பேசுகிறேன் என்று எனக்கே தெரிவதில்லை. நேற்று தொடங்கியது அடுப்பில் பொங்கி வழிந்த பாலைப் பற்றி. முடித்தது அம்மா செத்துப்போனதைப் பற்றி.

ஏப்ரல் 6

இன்றும்.

ஏப்ரல் 10

லேபில் சீனியர் கேட்டார்: "தொண்டைக்கு என்னாச்சு? கட்டிப்போயிருக்கே?"

சளி என்றேன். பெட்டியிலிருந்து இருமல் மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். நல்ல மனுஷர். மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு அடுத்த கையைப் பிடித்து, மெல்லிய குரலில், "வலிக்காது, பயப்படாதீங்க" என்றேன்.

தூ.

ஏப்ரல் 18, சனி

அரை நாள் வேலை. மத்தியானம் வந்து கதவைத் திறந்தால் கூடம் முழுக்கத் தண்ணீர். குளியலறையிலிருந்து சமையலறைவரை. அரிசி மூட்டையின் அடி ஊறிப்போயிருந்தது. குழாய் மூடியிருந்தது, அவரே பார்த்து மூடியிருக்கிறார். ஒரு துணியைப் போட்டுத் துடைக்க முயன்ற அடையாளமும் இருந்தது. துடைக்க முடியாமல் விட்டிருக்கிறார். குனிந்தால் அவருக்குத் தலை சுற்றும்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அப்பா!" என்று கத்திக்கொண்டு தேடினேன். கூடத்தில் இல்லை, சமையலறையில் இல்லை.

பஞ்சறையில் இருந்தார். கட்டில் விளிம்பில், கையை மடியில் வைத்துக்கொண்டு, தலைமை ஆசிரியர் அறையில் உட்காரவைத்த பிள்ளை மாதிரி. ஃபேன்கூடப் போடவில்லை. நனைந்த வேட்டியின் விளிம்பைப் பிழிந்து சுருட்டி வைத்திருந்தார். நான் வருவதற்கு எவ்வளவு நேரம் முன்பு அங்கே போய் உட்கார்ந்தாரோ.

என்னைப் பார்த்ததும் சொன்னார்: "கதவச் சாத்திட்டு வாம்மா."

எனக்குப் புரியவில்லை. புரிந்தது, ஆனால் புரியவில்லை.

"கதவச் சாத்திக்க. வெளிய கேக்கும். உன் பேரு கெட்டுடும்மா."

நான் நின்றேன். கால் ஈரத்தில் இருந்தது.

"அப்பா… உங்களுக்கு…" என்று ஆரம்பித்தேன். கத்தவில்லை. குரலே வரவில்லை, வெறும் வாய்தான் அசைந்தது. அதற்கு அவர் பதில் சொன்னார்.

"கேக்காதும்மா. நீ கத்துனாலும் கேக்காது, கத்தாட்டியும் கேக்காது. மூஞ்சியப் பாத்தாத் தெரிஞ்சுடும். வாயி அசையறதுல பாதி புரிஞ்சுடும். நீதான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டே பேசுவ." கொஞ்சம் நிறுத்தினார். "கோவமா இருக்கறப்போ மட்டும்தான் நேரா பாத்துப் பேசுவ. அது எல்லாமே புரியும்."

அது எல்லாமே.

மார்ச்சில் எழுத முடியாமல் விட்டேனே ஒரு வார்த்தை. அதுவுமா? கேட்கத் தைரியம் வரவில்லை.

தண்ணியத் துடைச்சேன். செருப்போடவே துடைச்சேன். அவர் அந்த ரூம விட்டு வெளிய வரல. நான் சொன்னாத்தான் வரணும்னு நெனச்சிட்டார் போல. நான் போய்க் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். என்ன பொண்ணு நான். என்ன ஜென்மம்.

குழாய் ஓடுகிற சத்தம் கேட்டால்தானே மூடுவார்? கேட்கவே கேட்காதே. இது எனக்கு ஏன் ஒரு நாளும் தோன்றவில்லை?

ஏப்ரல் 19, ஞாயிறு

பஞ்சைப் பிய்த்தேன். அவர் சட்டையைக் கழற்றிவிட்டு உதவ வந்தார். முதுகு முழுக்க வேர்க்குரு, சில இடங்களில் சொறிந்து புண். ஜன்னலை மெத்தையால் அடைத்த அறைக்குள் இத்தனை நாளும் படுத்து எழுந்திருக்கிறார். வெயிலுக்கு என்று நான்தானே சொன்னேன்.

நாளொன்றுக்கு எத்தனையோ பேரின் தோலைத் தொடுகிறவள். இதைப் பார்க்கவில்லை.

மருந்து தடவும்போது, "ஜில்லுனு இருக்கு" என்று சிரித்தார். அவர் முதுகுப்பக்கம் நின்றதால் என் முகம் அவருக்குத் தெரியவில்லை. நல்லவேளை.

டேப்போடு சுவர்ப் பூச்சும் உரிந்து வந்துவிட்டது. அறை சொறி பிடித்த மாதிரி இருக்கிறது. அப்பாவுக்கு அதுதான் பெரிய கவலை. "நான் ஒழுங்காத்தான ஒட்டினேன்" என்று சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார்.

ஏப்ரல் 21

தையல்காரம்மாவிடம் போனேன். பஞ்சைப் பிய்த்துவிட்டேன், இனி சத்தம் கேட்டாலும் கேட்கும் என்று சொல்லத்தான் போனேன். வாய் அதோடு நிற்கவில்லை.

"காது கேக்காததால மட்டும் கத்தலம்மா நான். திட்டினேன். கதவச் சாத்திக்கிட்டுத் திட்டினேன்."

அவள் மிஷினை நிறுத்தினாள். "அப்படியெல்லாம் இல்லக்கா" என்று அவள் சொல்வாள் என்று எனக்குள் ஒருத்தி காத்திருந்தாள். அவள் சொல்லவில்லை. "முன்னாடி கேட்டுச்சுக்கா" என்றாள். "அப்புறம் கேக்கலயா, சரியாப் போச்சுன்னு நெனச்சேன்."

கத்தரிக்கோலை எடுத்தாள், வைத்தாள். நான் எழுந்து வரும்போது பின்னாலிருந்து, "இனிமே கேட்டா மேல வந்துடுவேன், சொல்லிட்டேன்" என்றாள். கோபமா, உரிமையா, தெரியவில்லை.

"வாம்மா" என்றேன்.

ஏப்ரல் 26

இப்போது நான் செய்வது: கரண்டியைக் கீழே வைக்கிறேன். அவர் இருக்கிற இடத்துக்குப் போகிறேன். தோளைத் தொட்டு, எதிரே உட்கார்ந்து, வாய் அசைவது தெரிய மெதுவாகச் சொல்கிறேன். "மாத்திரை." அவர், "போட்டாச்சு" என்கிறார்.

இவ்வளவுதான். இதற்கா ஒரு மூட்டைப் பஞ்சு.

மே 4

திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று லேபில் ஒருவர் ரிப்போர்ட் தாமதம் என்று என் மூஞ்சிக்கு நேரே காகிதத்தை வீசினார். அதைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார். எவ்வளவு தட்டினாலும் அவருக்கு எப்படிக் கேட்கும்? அவராக எழுந்து வந்து திறந்ததும் கத்தினேன். வாசலிலேயே.

படியில் தடதடவென்று காலடி. சொன்ன மாதிரியே வந்துவிட்டாள், கழுத்தில் அளவு நாடாவோடு. அவளைப் பார்த்ததும் எனக்கு ஓடி ஒளியத்தான் தோன்றியது. ஒளியவில்லை. "ஆமா, கத்திட்டேன்" என்றேன்.

அவள் என்னைத் தாண்டி அப்பாவிடம் போனாள். கையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்: "ஐயா, ஊசி நூல் கோக்கத் தெரியுமா? பட்டன் தெக்கணும். ஸ்கூல் யூனிபார்ம் மலையாக் கெடக்கு. எங்கிட்ட வர்ற பொண்ணுங்க மிஷின் சத்தத்துல தலைவலின்னு ஓடுதுங்க. உங்களுக்குத்தான் அந்தத் தொல்லையே இல்லையே!"

அப்பா என்னைப் பார்த்தார்.

"பட்டன் வைக்கக் கூப்பிடறா" என்று வாயசைத்தேன்.

"எத்தன ஓட்டை பட்டன்?" என்று அவளைக் கேட்டார்.

மே 16, சனி

வேலை முடிந்து வந்தேன். வீடு பூட்டியிருந்தது. இறங்கி வந்து, கீழ்வீட்டுப் படியிலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

தையல்காரம்மா தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தாள். "ஐயா! அது இந்தச் சட்டைக்கு இல்ல! ஐயா! நீலம்! நீ…லம்!" மிஷின் வேறு ஓடிக்கொண்டிருந்தது. அவர், "பாலமா? எங்க பாலம்?" என்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். என்னைவிடப் பெரிய தொண்டை அவளுக்கு. எதிர்வீட்டில் ஒருவர் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், தலையைக்கூடத் தூக்கவில்லை.

உள்ளே போனேன். அப்பாவின் மடியில் வெள்ளைச் சட்டைகள், பல்லிடுக்கில் நூல். தோளைத் தொட்டேன். திரும்பினார்.

முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார். இப்போதும் அப்படித்தான் பார்க்கிறார். நெற்றி, கண், வாய் என்று ஒவ்வொன்றாக. அவர் பார்த்து முடிக்கும்வரை அசையாமல் நின்றேன்.

பார்த்து முடித்தார். எழுந்திருக்கவில்லை.

"இந்த ஒண்ண முடிச்சிட்டு வரேன், நீ போ" என்று சொல்லிவிட்டு, ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.